இருமப் பழகியவர்

இருமல் இல்லாமலே இருமப் பழகிய ஒருவரைத்தான் நான் இதுவரை கண்டிருக்கிறேன். அவர் என் மச்சாள், கணவருடைய அக்கா. பருத்தித்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் கதிரையை நேராக இழுத்துப் போட்டு, ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, மூச்சை ஆழ இழுத்து அடிவயிற்றிலிருந்து இருமுவார். ஐந்து தரம் இருமியதும் துவாயால் வாயைத் துடைத்துவிட்டு, "இனிக் கால்" என்பார்.

வயிற்றை வெட்டித் தைத்த பிறகு நெஞ்சில் சளி கட்டிவிடக் கூடாதாம். தையல் நோகாமல் இருமுவதற்கு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டுமாம். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி, ஒரு கடதாசியில் கோட்டு மனிதர்களைக் கீறிக் கொடுத்திருந்தாள். கதிரையிலிருந்து எழும்பும் மனிதன், படுத்தபடி காலை உயர்த்தும் மனிதன், நடக்கும் மனிதன், பந்தைப் பிசையும் தனிக் கை. மச்சாள் அந்தக் கடதாசியை அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருந்தார். மாற்றுச் சிறுநீரகம் வைக்கும் நாளுக்கு உடம்பு பலமாக இருக்க வேண்டும், மெலிந்து துவண்டு போய்க் கட்டிலில் ஏறக் கூடாது என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எண்ணுவது என் வேலை. அவர் கேட்டு நான் அதைச் செய்யவில்லை. முதல் நாள் அவர் தானே எண்ணிக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, நானாகப் போய் நின்று எண்ணத் தொடங்கினேன். மச்சாள் யாரிடமும் எதையும் கேட்பவர் அல்லர்.

சாப்பாட்டு மேசையில் சொதிச் சட்டி எட்டத்தில் இருந்தால் வெறும் இடியப்பத்தைத் தின்றுவிட்டு எழும்பிவிடுவார். கலியாணம் செய்து அந்த வீட்டுக்குப் போன புதிதில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. அவர் வாய் திறந்து கேட்காததால், அவருக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்காமல் விட்டால் குற்றம் எங்களுடையதாகிவிடும். சில நேரம் அவர் அதற்காகவே கேட்காமல் இருக்கிறாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அவர் பெண்கள் பாடசாலையொன்றில் தேகாப்பியாச ரீச்சர். வெள்ளைச் சேலை, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, கழுத்தில் விசில். விளையாட்டுப் போட்டிக்கு முதல் கிழமை பிள்ளைகளுக்கு அஞ்சல் ஓட்டம் பழக்கியதை ஒரு முறை மதிலருகே நின்று பார்த்தேன். தடியை வாங்க நின்ற பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்து, "தாடி, கெதியாத் தாடி" என்று கத்தியது. மச்சாள் விசிலை ஊதி எல்லோரையும் நிறுத்தினார்.

"வாங்கிறவள் கத்தக் கூடாது. திரும்பிப் பாக்கவும் கூடாது. கையைப் பின்னாலை நீட்டிக்கொண்டு ஓட வேணும். வைக்கிறது குடுக்கிறவளின்ரை வேலை."

"அவள் வைக்காட்டி, ரீச்சர்?"

"அது அவளின்ரை பிழை" என்றார் மச்சாள்.

கால் வீங்கத் தொடங்கியபோதும் அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சப்பாத்தின் நாடாவைத் தளர்த்திக் கட்டினார். பிறகு நாடாவைக் கழற்றியே விட்டார். ஒரு நாள் விசில் ஊத மூச்சு வராமல் மைதானத்தின் நடுவில் நிலத்தோடு அப்படியே இருந்துவிட்டாராம். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் காட்டினோம். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கின்றன, சில வருடங்களில் அதுவும் நின்றுவிடும், வசதியிருந்தால் மெட்ராசுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டொக்டர்.

என் கணவர்தான் கொழும்புக்குப் போய் அங்கிருந்து விமானத்தில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே மச்சாளின் இடது கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள். பின்னால் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் பூட்ட வேண்டி வந்தால் அதற்கு உதவுமாம். அந்த இடம் பருப்பதற்காகத்தான் பந்து பிசைவது. அதில் விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருக்கும். என் மூத்த மகள் கொஞ்சம் வளர்ந்ததும் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமியின்ரை கைக்குள்ளை பூனை இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். மச்சாள் மற்ற நேரங்களில் அதிகம் சிரிப்பவர் அல்லர். அதற்குச் சிரித்தார்.

சிறுநீரகம் கொடுக்கப் பொருந்துமா என்று கணவரின் இரத்தத்தையும் அங்கே எடுத்துப் பார்த்தார்கள். முடிவைத் தபாலில் அனுப்புகிறோம் என்றார்களாம்.

அந்தக் கடிதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. கணவர் கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சர், சாப்பாட்டுக்கு வந்திருந்தார். குசினி வாசலில் நின்றபடி படித்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"பொருந்துதாம்."

அவ்வளவுதான். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டார். மீன் நல்லாயிருக்கிறது என்றார். அன்று முழுவதும், அடுத்த நாள் முழுவதும் அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை. கடிதம் அவருடைய சட்டைப் பையில் கிடந்தது. தன் பயத்தை என் வாயால் சொல்லவைப்பதற்காக அவர் காத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் நான் சொன்னேன்.

"எனக்கு ஒண்டு கையிலை, ஒண்டு வயித்திலை. உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் ஆரிட்டைப் போறது? சின்னவன் தனி ஆள். அவனும் அதே இரத்தம்தானே?"

"அப்ப அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

"வயது குறைஞ்ச ஆளெண்டால் திறம் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார் எண்டு சொல்லுங்கோ."

அவர் விட்ட பெருமூச்சு இப்போதும் என் காதில் இருக்கிறது. எழும்பிப் போய் விறாந்தையில் சொன்னார். நான் யன்னலுக்கு உள்ளே நின்று கேட்டேன். மச்சாள் பந்தைப் பிசைந்துகொண்டிருந்தார். அவருடைய ஆங்கிலம் எங்கள் இருவருடையதையும் விடத் திறமானது. கடிதத்தைக் காட்டு என்று கேட்டிருந்தால் எல்லாம் அன்றே முடிந்திருக்கும். "சரி" என்றார். பந்தை மற்றக் கைக்கு மாற்றாமல் தொடர்ந்து பிசைந்தார்.

சின்னவன் என்பது அவர்களின் கடைசித் தம்பி. அப்போது கனடாவில் இருந்தான். தாய் அவனைப் பெற்ற கையோடு இறந்துபோக, பதினாறு வயதில் அவனைத் தூக்கி வளர்த்தவர் மச்சாள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, பொடியன் இங்கே இருந்தால் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று, தன் சீதனக் காணியை விற்று அவனை அனுப்பிவைத்தவரும் அவரே. அவன் உடனே ஒப்புக்கொண்டு எழுதினான். அந்தக் கடிதத்தை மச்சாள் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. எனக்கு இஞ்சை பேப்பர் கிடைச்ச உடனை மெட்ராசுக்கு வாறன். அதுவரைக்கும் பயிற்சியளை ஒழுங்காச் செய்யுங்கோ. இனி எல்லாம் உங்கடை கையிலைதான் இருக்கு."

அங்கே தங்க அனுமதிக்கும் பேப்பர் இல்லாமல் அவன் அந்த நாட்டைவிட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. அது உண்மைதான். ஆகவே எல்லோரும் காத்திருந்தோம். ஒரு வருடம் போனது, இரண்டு வருடம் போனது. அவனுடைய எல்லாக் கடிதங்களிலும் அந்தக் கடைசி வசனம் இருந்தது. அது ஊரிலும் பரவிவிட்டது. வருத்தம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "ரீச்சர், பயிற்சி செய்யிறியளோ?" என்று கேட்டார்கள். போதகர் கேட்டார். பால்காரர் கேட்டார். என் கணவர் கடைக்குப் போகும்போது படியில் நின்று, "அக்கா, நடந்திட்டியளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார். பயிற்சியைப் பற்றி விசாரித்தால் அவரைக் கவனித்துவிட்ட மாதிரி. சிறுநீரகத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

நடப்பதற்கு முதலில் கடற்கரை வீதிக்குப் போவார். கடலில் இருந்து நேவி சுடத் தொடங்கியதும் அது நின்றது. பிறகு வளவுக்குள்ளேயே, வீட்டையும் கிணற்றையும் சேர்த்து நாற்பது சுற்று. அந்த மண்ணில் அவருடைய தடம் ஒரு வாய்க்கால் போல விழுந்துவிட்டது. மாரியில் அதில் தண்ணீர் நிற்கும். நின்றால் அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தடம் போட்டு நடப்பார்.

இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியபோது நாங்கள் அவருடைய பாடசாலை மண்டபத்தில் அகதிகளாக இருந்தோம். நூற்றுக்கணக்கான சனம். கால் நீட்டப் பாய் அகலம்தான் இடம். அதற்குள்ளும் விடிந்ததும், பிள்ளைகள் இருந்து படிக்கும் ஒரு வாங்கில் இருந்து, கைபிடிக்காமல் எழும்பி எழும்பி இருப்பார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ரீச்சர் ஒலிம்பிக்குக்குப் போறாவாக்கும்" என்றாள் ஒருத்தி, அவருக்குக் கேட்கத்தான் சொன்னாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. "மச்சாள், உந்தச் சனத்துக்குள்ளை வேண்டாமே. நாலு நாளைக்கு விட்டால் என்ன?" என்று மெல்லச் சொன்னேன்.

"கூப்பிடேக்கை நான் ஆயத்தமில்லை எண்டு இருக்கக் கூடாது, பிள்ளை" என்றார். "அவன் வேலையை விட்டிட்டு அவ்வளவு தூரம் வந்து நிக்க, எனக்கு உடம்பு காணாது எண்டு திருப்பி அனுப்பினால் என்ன நியாயம்?"

நான் எண்ணினேன். அவர் அப்படிச் சொன்னபோது என் கணவர் இரண்டு பாய் தள்ளிப் படுத்திருந்தார். தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கியது. பாதை மூடியது, மின்சாரம் போனது, மருந்துகள் ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. மச்சாளின் உடம்பும் அந்த நேரம் பார்த்துத்தான் இறங்கத் தொடங்கியது. வாயில் ஒரு மணம். உடம்பெல்லாம் சொறி; இரண்டு கையிலும் நகக்கீறல். சோற்றைக் கண்டால் ஓங்காளம். பாடசாலையை விட்டு நின்றுவிட்டார். நாற்பது சுற்று பதினைந்தாகியது. ஆனால் கதிரையில் பத்துத் தரம் எழும்புவதைக் குறைக்கவில்லை. ஐந்துக்கு மேல் முழங்கால் நடுங்கும். நடுக்கம் நிற்கும்வரை நின்றுவிட்டு மறுபடி இருப்பார்.

அப்படியிருக்க ஒரு சனிக்கிழமை, வல்வெட்டித்துறையில் இருந்து எங்கள் தேவாலயத்துக்கு வருகிற ஒரு பெண், மெட்ராசில் சில மாதம் இருந்துவிட்டுக் கடலேரியை வள்ளத்தில் தாண்டி வந்தவள், கணவரின் கடைக்குப் போய் ஒரு என்வலப்பைக் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தார். உள்ளே ஒரு கடிதமும் ஒரு படமும். படத்தில் சின்னவன் கோட் சூட்டோடு, பக்கத்தில் மணப்பெண். பின்னால் மெட்ராஸ் தேவாலயம் ஒன்றின் வாசல்.

பேப்பர் கிடைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டதாம். திடீரென்று இந்தச் சம்பந்தம் பொருந்தி வந்ததாம். மூன்று கிழமை லீவில் மெட்ராசுக்கு வந்து கலியாணத்தை முடித்துக்கொண்டு போனானாம். பெண் வீட்டாருக்கு ஒப்பரேசன் கதை தெரியாதாம், தெரிந்தால் விரும்பமாட்டார்களாம். "அக்காவுக்கு இப்ப சொல்லவேண்டாம். மனம் உடைஞ்சுபோவா. பயிற்சியை மட்டும் விடாமல் செய்யச் சொல்லுங்கோ. அடுத்த வருஷம் பாப்பம்."

"நல்ல வடிவான பெட்டை" என்றார் கணவர். பிறகு படத்தை, மேசை லாச்சியை இழுத்து அதில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அந்தப் பெண் நேரே மச்சாளிடம் வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கடை தம்பியின்ரை கலியாணத்துக்குப் போனனான் ரீச்சர். என்ன திறமாச் செய்தவை! மாப்பிள்ளையும் நல்லா உடம்பு வைச்சிட்டார்" என்றாள். அவளில் பிழையில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. சுற்றி நின்ற எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எல்லோரும் மச்சாளின் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஓம், எழுதினவன்" என்றார் மச்சாள். "பொம்பிளை பாடுவாவாமே?"

வீடுவரைக்கும் நடந்தோம். கணவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். மத்தியானம் மச்சாள் சாப்பிடவில்லை, அது வழக்கம்தான். பின்னேரம் நாலு மணிக்குக் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. நான் போய் நின்றேன். போகாமல் இருக்கத் துணிவில்லை. தலையணையை அணைத்து ஐந்து தரம் இருமினார். பிறகு எழும்பத் தொடங்கினார். நான் எண்ணினேன். நாலு. ஐந்து. ஆறு.

ஆறாவது தரம் எழும்பி நின்றபடி, கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உம்மடை மனிசனுக்கு மெட்ராசிலை இருந்து வந்த கடிதம், எனக்கும் ஒரு கொப்பி வந்தது, பிள்ளை. நோயாளி எண்டு எனக்கும் அனுப்பியிருந்தவை. பள்ளிக்கூட விலாசத்துக்கு."

நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"எப்ப மச்சாள்?"

"அவனுக்கு வந்த அதே கிழமை."

நாலு வருடத்துக்கு மேல். அந்த நாலு வருடமும் அவர் எங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார். என் இரண்டாவது பிள்ளையைக் குளிப்பாட்டியிருக்கிறார். படியில் நின்று, "நடந்திட்டியளோ" என்று கேட்ட தம்பிக்கு, "ஓம், நடந்திட்டன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கேல்லை?" என்றேன். என் குரல் ஏதோ அவரில்தான் குற்றம் என்பது போல வந்தது.

"கேட்டு வாங்கிற சாமானே அது?" என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. திட்டவும் இல்லை. கதிரையில் இருந்து, முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, என் அழுகை அடங்கும்வரை காத்திருந்தார்.

"எண்ணும்" என்றார் பிறகு. "ஆறிலை விட்டனீர்."

நான் ஏழு என்றேன்.

அன்றிரவே கணவரிடம் சொன்னேன். "இனி என்ன செய்யிறது? பாதையும் இல்லை. பாதை திறந்தால் பாப்பம்" என்றார். அடுத்த நாளிலிருந்து படியில் நின்று கேட்பதை விட்டுவிட்டார்.

மச்சாள் விடவில்லை. அதுவரைக்கும் நானாகத்தான் எண்ணப் போவேன். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடத் தொடங்கினார். நான் குசினியில் இருந்தாலும் கிணற்றடியில் இருந்தாலும், நாலு மணிக்கு, "பிள்ளை, எண்ண வாரும்" என்று குரல் வரும். யாரிடமும் எதையும் கேட்காத மனுஷி, தன் வாழ்நாளில் ஒருவரிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான். ஒப்பரேசன் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் போய் முன்னால் நிற்க வேண்டும். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு எழும்புவார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணுவேன். பத்து முடிந்ததும், "சரி, போம்" என்பார். ஏழு மாதம் அப்படிப் போனது.

கடைசிக் காலையில் மூன்று தரம்தான் எழும்பினார். நாலாவதுக்கு முயன்று, கதிரையோடு சரிந்தார். ஒரு லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயது டொக்டர். வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்தால் கொஞ்ச நாளைக்கு உயிரைப் பிடித்துவைத்துத் தாக்காட்டலாம், ஆனால் அந்தத் தண்ணீர் கடைசியாக வந்து எட்டு மாதமாகிறது என்று சொல்லும்போது அவருடைய கண் கலங்கியிருந்தது. நாலாம் நாள் மச்சாள் போய்விட்டார். இடது கையில் விரலை வைத்துப் பார்த்தேன். அந்த உறுமல் நின்றிருந்தது.

உடம்பைக் கழுவிய பெண்களில் ஒருத்தி, "இவ்வளவு வருத்தக்காரிக்கு என்ன உறுதியான கால்" என்று ஆச்சரியப்பட்டாள்.

செய்தி சின்னவனுக்குப் போய், அவன் பதில் எங்களுக்கு வந்து சேர மூன்று மாதம் எடுத்தது. நாலு பக்கக் கடிதம். அக்கா தன்னைத் தோளில் போட்டு வளர்த்ததையெல்லாம் எழுதியிருந்தான். அழுது எழுதியிருக்கிறான் என்று எழுத்திலேயே தெரிந்தது. முடிவில் ஒரு கேள்வி இருந்தது: "அக்கா கடைசிவரை பயிற்சி செய்தவவோ, இல்லாட்டி இடையிலை விட்டிட்டாவோ? அண்ணி, உண்மையை எழுதுங்கோ."

நான் எழுதத் தொடங்கினேன். கணவர் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"விட்டிட்டா எண்டு எழுதும்" என்றார்.

"பொய்யை என்னெண்டு எழுதுறது?"

"செத்தவவுக்கு இனி என்ன? இருக்கிறவன் நிம்மதியா இருக்கட்டுமே" என்றார். பிறகு, "நாங்களும்தான்" என்றார்.

எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறொரு தாள் எடுத்தேன். "கடைசி வருஷம் அவவுக்கு மனம் விட்டுப்போச்சு. நாங்கள் எவ்வளவு சொல்லியும் செய்யேல்லை" என்று எழுதினேன். என் கையெழுத்துத்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

பிறகு சின்னவன்தான் எங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டான். எங்கள் பிள்ளைகள் படித்ததும் அவனாலேதான். நல்லவன். ஒவ்வொரு நத்தாருக்கும், பாலன் பிறப்பு ஆராதனை முடிந்து, அவன் வீட்டில்தான் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முதல் செபம் செய்யும்போது அக்காவின் பெயரைச் சொல்லுவான். பிறகு தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவான்.

"எல்லாம் ஆயத்தமா இருந்தது. நான் வரத்தான் இருந்தனான். எங்கடை அக்கா சொன்னதைச் செய்து உடம்பைப் பாத்திருந்தால் இண்டைக்கும் இந்த மேசையிலை இருந்திருப்பா. மற்றப் பிள்ளையளை ஓடு ஓடு எண்டு கலைச்சவ, தனக்கெண்டு வரேக்கை விட்டிட்டா."

போன நத்தாருக்கும் சொன்னான். அவனுடைய மகளுக்கு இப்போது மச்சாளின் முகவெட்டு வந்திருக்கிறது. அவள் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பெரியம்மா, நீங்கள்தானே மாமியோடை இருந்தது? உண்மையாவே அவ விட்டிட்டாவா?"

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் என்னைப் பார்த்தான். அவனுடைய பார்வையில் சந்தேகம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"ஓம், பிள்ளை" என்றேன். "விட்டிட்டா."